நான்கு சக்கரமும் இழுத்தால் நான்கு மடங்கு பாதுகாப்பா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஜொகூரின் கிழக்குப் பகுதிச் சாலைகளின் குணமே மாறிவிடும். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் வழியில் தார்ச்சாலையின் பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கும். அங்கிருந்து விலகிச் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பினால், செம்மண் பாதை சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும். அந்தப் பாதையின் ஏற்றத்தில் சாதாரண கார் ஒன்று சக்கரம் சுழன்றும் நகராமல் தவித்துக்கொண்டிருக்க, பின்னால் வந்த பிக்அப் வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறிப்போவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

அந்தக் காட்சி மனத்தில் ஓர் எண்ணத்தைப் பதித்துவிடுகிறது: 'ஃபோர் வீல் இருந்தால் மழைக்குப் பயமில்லை.' கார் ஓட்டுவதில் ஆர்வம் உள்ளவர்களிடம் இந்த எண்ணம் இன்னும் அழுத்தமாகவே இருக்கிறது. சுபாரு, லான்சர் எவொலூஷன், ஜிஆர் யாரிஸ் என்று அவர்கள் ஆசைப்படும் கார்களின் பட்டியலில் பாதி நாற்சக்கர இயக்கம் கொண்டவைதாம்.

அந்த எண்ணத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்தானது. எது எந்தப் பாதி என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்த உராய்வு விசையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

நான்கு உள்ளங்கைகள்

ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் சாலையைத் தொடும் பரப்பு எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு டயருக்கும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. வேகம் எடுப்பது, திரும்புவது, நிற்பது ஆகிய மூன்று வேலைகளும் இந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடக்கவேண்டும்.

ஒரு டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் போன்றது. மொத்தத் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. வாடகைக்கு அதிகம் போனால் சாப்பாட்டுக்குக் குறையும். அதேபோல், முன்னோக்கி இழுப்பதற்கு ஒரு டயர் தன் பிடிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டால், பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து வளைவில் திருப்புவதற்கு மிச்சம் குறைவாகவே இருக்கும்.

அந்த மொத்தச் சம்பளத்தை இரண்டு காரணிகள் முடிவு செய்கின்றன. ஒன்று, டயரின் மேல் அழுத்தும் எடை. மற்றொன்று, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு எண். உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் இந்த எண் 0.9 வரை இருக்கும். ஈரத்தில் 0.5, 0.6 என்று இறங்கும். வழுக்கும் சேற்றில் 0.3-க்கும் கீழே போகலாம். எத்தனை சக்கரங்களுக்கு எஞ்சின் விசை போகிறது என்பது இந்த எண்ணைச் சிறிதும் மாற்றாது. கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

மூன்று வகை இயக்கங்கள்

நம் சாலைகளில் ஓடும் மைவி, சாகா போன்ற கார்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், விசை பெறும் சக்கரங்கள் எல்லாமே முன்பக்கம் இருக்கின்றன. இது முன்சக்கர இயக்கம். விலை குறைவு, எடை குறைவு, உள்ளே இடம் அதிகம். எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே அமர்வதால் ஈரச்சாலையில் பிடிப்பும் மோசமில்லை. குறை என்னவென்றால், இழுப்பது, திருப்புவது இரண்டையும் முன் டயர்களே செய்யவேண்டும். வளைவில் எண்ணெயை அதிகம் அழுத்தினால் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி இருந்தாலும் வண்டி நேராக விலகிப்போகும். இதைத்தான் 'அண்டர்ஸ்டியர்' என்கிறோம்.

பின்சக்கர இயக்கத்தில் வேலை பங்கிடப்படுகிறது. முன் டயர்கள் திருப்பும், பின் டயர்கள் தள்ளும். வேகமெடுக்கும்போது வண்டியின் எடை பின்னால் சாயும் என்பதால், தள்ளும் டயர்களுக்குக் கூடுதல் பிடிப்பும் கிடைக்கும். ஓட்டுவதில் இன்பம் தேடுவோர் இதை விரும்பக் காரணம் இதுதான். ஆனால் ஈரத்தில் மிதியை அவசரப்பட்டு அழுத்தினால் பின்பகுதி வால் வீசும். பழகிய கைக்கு அது விளையாட்டு. பழகாத கைக்கு விபத்து.

நாற்சக்கர இயக்கத்தில் எஞ்சின் விசை நான்கு டயர்களுக்கும் பிரிகிறது. வண்டியின் முழு எடையும் இழுப்பதற்குப் பயன்படுகிறது.

ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும்

இதை எண்களில் பார்ப்போம். முன்சக்கர இயக்கக் கார் ஒன்றில் 62 விழுக்காடு எடை முன்பக்கம் இருப்பதாகவும், பின்சக்கர இயக்கக் கார் ஒன்றில் எடை இருபக்கமும் சமமாக இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.6 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை, வழுக்கும் சேறு. உராய்வு எண் 0.3.

100 மீட்டர் தூரத்தில் எவ்வளவு உயரம் ஏறும் சரிவை இவற்றால் கடக்க முடியும்? எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், முன்சக்கர இயக்கத்துக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கிடைக்கிறது. பின்சக்கர இயக்கத்துக்கு 16 மீட்டர். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிக்கு 30 மீட்டர். ஏறக்குறைய இரு மடங்கு! தோட்டப் பாதையில் பிக்அப் வண்டி எளிதாக ஏறியதன் இரகசியம் இதுதான்.

இப்போது அதே வண்டிகளை அதே சரிவில் இறக்குவோம். இறங்கும்போது வண்டியைத் தடுப்பது பிரேக். பிரேக், எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் இருக்கிறது. எனவே, மூன்று வண்டிகளுக்கும் எல்லை ஒன்றே: 100 மீட்டருக்கு 30 மீட்டர்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். இருசக்கரம் மட்டும் இழுக்கும் கார் 17 மீட்டர் சரிவுக்கு மேல் ஏறவே ஏறாது. அது ஏறிய எந்தச் சரிவிலும், இறங்கும்போது பிரேக்குக்குக் கிட்டத்தட்ட பாதிப் பிடிப்பு மிச்சம் இருக்கும். நாற்சக்கர இயக்க வண்டியோ, தன் பிடிப்பின் கடைசித் துளிவரை பயன்படுத்தி ஏறிவிடும். இறங்கும்போது அதற்கு மிச்சமென்று எதுவும் இருக்காது. போகக்கூடாத இடத்துக்குச் சாதாரண கார் தானாகவே நம்மைப் போகவிடுவதில்லை. நாற்சக்கர இயக்கம் அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. அதன்பின் எச்சரிக்கை முழுவதும் ஓட்டுபவர் பொறுப்பு.

ரேலி களத்தில் பிறந்த புகழ்

நாற்சக்கர இயக்கத்துக்கு இத்தனை மயக்கம் எப்படி வந்தது? 1980ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் ஆடி நிறுவனம் 'குவாட்ரோ' காரை அறிமுகப்படுத்தியது. அதுவரை நாற்சக்கர இயக்கம் என்றால் பெரும்பாலும் ஜீப்பும் இராணுவ வண்டியும்தான். அடுத்த ஆண்டே இத்தாலியின் சான்ரெமோ ரேலியில் மிஷேல் மூத்தோன் குவாட்ரோவை ஓட்டி வென்றார். உலக ரேலி ஒன்றை வென்ற முதல் பெண் அவர்தான். 1982இல் தயாரிப்பாளர் பட்டமும் ஆடிக்கே சென்றது.

ஆனால் 1983இல் ஓர் எதிர்பாராத முடிவு. தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது லான்சியா 037 என்ற பின்சக்கர இயக்கக் கார். சாலை பெரும்பாலும் உலர்ந்திருந்த அந்த ஆண்டு மான்டி கார்லோ ரேலியில் முதல் இரண்டு இடங்களையும் அதுவே பிடித்தது. பிடிப்பு தாராளமாகக் கிடைக்கும் சாலையில், எடை குறைந்த கார் கூடுதல் இயந்திரப் பாகங்களைச் சுமந்த காரை முந்தியது. இருசக்கரம் இழுக்கும் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி முறை.

ஃபார்முலா ஒன் பந்தயமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1961இல் இங்கிலாந்தின் ஔல்டன் பார்க் தடத்தில், ஈரமான நாளொன்றில், ஸ்டர்லிங் மாஸ் நாற்சக்கர இயக்க ஃபெர்குசன் காரில் வென்றார். 1969இல் லோட்டஸ், மத்ரா, மெக்லாரன் ஆகிய அணிகள் அதே வழியைத் தொடர முயன்றன. அகன்ற டயர்களும் காற்றழுத்தம் தரும் இறக்கைகளும் வந்துவிட்ட அந்தக் காலத்தில், கூடுதல் எடைதான் மிஞ்சியது, திட்டங்கள் கைவிடப்பட்டன.

நம் நாட்டுக்கும் இதில் பெருமையான பங்கு உண்டு. 2002ஆம் ஆண்டு உலக ரேலிப் போட்டியின் தயாரிப்பு கார் பிரிவில் மலேசியரான கரம்ஜிட் சிங் பட்டம் வென்றார். அந்தப் பிரிவில் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆசியர் அவர். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், மிட்சுபிஷி லான்சர் எவொலூஷனின் மறு வடிவம். நாற்சக்கர இயக்கம் கொண்டது. 2011இல் அலிஸ்டர் மெக்ரே, புரோட்டோன் சத்ரியா நியோ எஸ்2000 காரில் ஆசிய பசிபிக் ரேலிப் பட்டத்தை வென்றார். கடையில் நாம் வாங்கிய சத்ரியா நியோ முன்சக்கர இயக்கக் கார். ரேலிக்காகவே அதற்கு நாற்சக்கர இயக்கம் பொருத்தப்பட்டது.

2010களில் அந்த ஆசிய பசிபிக் போட்டியின் மலேசியச் சுற்று நம் ஜொகூர் செம்பனைத் தோட்டப் பாதைகளில் நடந்தது. 2013இல் பட்டம் வென்ற இந்தியாவின் கௌரவ் கில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் டயர் நிறுவனத்தின் அணிக்காக ஓட்டினார். டயர் நிறுவனம் ஒன்று ரேலி அணியை நடத்துவதில் ஒரு செய்தி இருக்கிறது: நான்கு சக்கரம் இழுத்தாலும் இரண்டு இழுத்தாலும், பேச்சுவார்த்தை நடப்பது டயருக்கும் மண்ணுக்கும் இடையில்தான்.

பெயர் ஒன்று, வகை மூன்று

'ஃபோர் வீல்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் விற்கப்படுகின்றன. வாங்குமுன் எது என்று கேட்பது முக்கியம்.

முதலாவது, ஹைலக்ஸ் போன்ற பிக்அப் வண்டிகளில் உள்ள தேவைப்படும்போது மட்டும் போடும் வகை. வழக்கமாகப் பின்சக்கரங்கள் இயங்கும். சேற்றில் இறங்கும்போது ஓட்டுபவர் முன்சக்கரங்களையும் இணைப்பார். அப்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்லவேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாமல் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். டயர் தேயும், பாகங்கள் உடையவும் கூடும். இந்த வகை வண்டியில் தார்ச்சாலைக்கு வந்ததும் இணைப்பை எடுத்துவிடவேண்டும். அப்படியென்றால், நெடுஞ்சாலையில் ஓடும்போது அது வெறும் பின்சக்கர இயக்க வண்டிதான்.

இரண்டாவது, எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை. நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் அச்சுகளின் வேக வேறுபாட்டைச் சமாளிக்கும். பழைய குவாட்ரோவும் பல சுபாரு கார்களும் இந்த வழியில் வந்தவை.

மூன்றாவது, மின்னணுக் கிளட்ச் வழியாகத் தேவைக்கேற்ப விசையைப் பகிரும் வகை. 2020இல் வந்த ஜிஆர் யாரிஸில் ஓட்டுபவரே அளவைத் தேர்ந்தெடுக்கலாம். வழக்கமான நிலையில் முன்னுக்கு 60, பின்னுக்கு 40 விழுக்காடு. ஸ்போர்ட் நிலையில் 30, 70. தட நிலையில் சமபாதி. பின்சக்கர இயக்கத்தின் துள்ளலையும் நாற்சக்கர இயக்கத்தின் பிடிப்பையும் ஒரே காரில் தரும் முயற்சி இது. முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் வைத்த மின்சாரக் கார்கள் இதே வேலையை நடுத்தண்டே இல்லாமல் செய்கின்றன.

நெடுஞ்சாலையில் என்ன செய்கிறது?

100 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 134 குதிரைத்திறன் கொண்ட, ஒன்றரை டன் எடையுள்ள குடும்பக் காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், மிதியை முழுவதும் அழுத்தினாலும் சக்கரத்துக்குக் கிடைக்கும் தள்ளுவிசை 3,600 நியூட்டன்தான். நனைந்த சாலையில்கூட, உராய்வு எண் 0.6 என்றால், முன் சக்கரங்கள் இரண்டு மட்டுமே சுமார் 4,800 நியூட்டனைத் தாங்கும். அந்த வேகத்தில் இன்னும் இரண்டு சக்கரங்களைச் சேர்ப்பதால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது.

வளைவின் நடுவிலும் இதே கதைதான். 60 மீட்டர் ஆரம் கொண்ட வளைவை, உராய்வு எண் 0.8 உள்ள உலர்ந்த சாலையில் மணிக்கு 78 கிலோமீட்டர்வரை கடக்கலாம். மழையில் அந்த எண் 0.5 ஆகிவிட்டால் எல்லை 62 கிலோமீட்டர். எந்தச் சக்கரம் இழுத்தாலும் கணக்கு ஒன்றே. வளைவை விட்டு வெளியேறி வேகமெடுக்கும் கட்டத்தில்தான், அதுவும் ஆற்றல் மிக்க கார்களில்தான், நாற்சக்கர இயக்கம் முந்துகிறது. ரேலியில் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சிறு ஆதாயம் சேர்ந்து வெற்றியாகிறது. அலுவலகத்துக்குப் போகும் சாலையில் அதற்கு இடமில்லை.

நிற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டரில் பிரேக் அழுத்தினால் உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 49 மீட்டரில் நிற்கும் கார், உராய்வு எண் 0.5 உள்ள ஈரச்சாலையில் 79 மீட்டர் ஓடும். அந்த 30 மீட்டர் வேறுபாட்டை நாற்சக்கர இயக்கம் ஒரு மீட்டர்கூடக் குறைக்காது.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சமிக்ஞை விளக்கில் புறப்படும்போது முன்சக்கரம் ஒருமுறை வழுக்கிச் சுழன்றால், 'சாலை வழுக்குகிறது, பார்த்துப் போ' என்று கார் உங்களிடம் சொல்கிறது. நாற்சக்கர இயக்கக் கார் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அமைதியாகப் புறப்படுகிறது. சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை நீங்கள் முதன்முதலில் உணர்வது, முன்னால் போன லாரி திடீரென்று நிற்கும்போதுதான்.

நீரின் மேல் மிதக்கும் டயர்

20 சென்டிமீட்டர் அகலமுள்ள டயர் ஒன்று 3 மில்லிமீட்டர் ஆழ நீரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், விநாடிக்குச் சுமார் 17 லிட்டர் நீரை விலக்கவேண்டும். டயரின் பள்ளங்கள் இதற்காகவே இருக்கின்றன. அவை தேய்ந்துவிட்டால் நீருக்குப் போக வழியில்லை. டயர் நீரின் மேல் ஏறிவிடும். அதன்பின் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம்.

இது எந்த வேகத்தில் நிகழும் என்பதற்கு, 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமே அதில் முக்கியம். எண்ணெய் நிலையத்தில் காற்றடிக்கும் கருவி காட்டும் 220 கிலோபாஸ்கலுக்கு அந்தச் சூத்திரம் மணிக்கு 94 கிலோமீட்டர் என்கிறது. காற்று இறங்கி 160 ஆகிவிட்டால் 80 கிலோமீட்டர். நல்ல பள்ளங்கள் உள்ள கார் டயர் இதைவிடச் சிறிது தாங்கும். மொட்டை டயர் தாங்காது. நம் நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110 என்பதை நினைத்துப் பாருங்கள். நான்கு டயர்களும் மிதக்கும்போது நான்கையும் எஞ்சின் சுழற்றுவதில் பயன் ஏதுமில்லை.

வெள்ளத்திலும் அப்படித்தான். ஒன்றரை டன் கார், சுமார் 7 சதுர மீட்டர் அடிப்பரப்பு. நீர் அடித்தளத்துக்கு மேல் 21 சென்டிமீட்டர் உயர்ந்தாலே, உள்ளே நீர் புகும்வரை, அந்தக் கார் ஒரு படகு. ஓடும் நீர் அதை அதற்கு முன்பே நகர்த்திவிடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி கண்ட பெருவெள்ளத்தை மறக்காதவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் எதை வாங்குவது?

தோட்டப் பாதையில் தினமும் போகவேண்டியவர், படகையோ பாரத்தையோ இழுத்து ஏற்றவேண்டியவர், ஆற்றல் மிக்க காரை முழுத் திறனுடன் ஓட்ட ஆசைப்படுபவர் ஆகியோருக்கு நாற்சக்கர இயக்கம் பொருத்தமானது. ஓட்டும் கலையைக் கற்க விரும்புபவருக்கு, பந்தயத் தடத்தில், எடை குறைந்த பின்சக்கர இயக்கக் கார் நல்ல ஆசிரியர். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் குடும்பத்துக்கு முன்சக்கர இயக்கமே போதும்.

நாற்சக்கர இயக்கக் காருக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தில் சிறுபகுதி இருந்தால் நான்கு நல்ல டயர்கள் வாங்கலாம். ஈரச்சாலையில் இழுப்பது, திருப்புவது, நிறுத்துவது ஆகிய மூன்றையும் ஒருசேர மேம்படுத்தும் பொருள் அது ஒன்றுதான். ஏற்கெனவே அத்தகைய காரை வைத்திருப்பவர்கள், டயரை இரண்டு இரண்டாக மாற்றிச் செலவை மிச்சப்படுத்த நினைக்கவேண்டாம். புதிய டயரும் தேய்ந்த டயரும் வெவ்வேறு விட்டம் கொண்டவை. அந்த வேறுபாட்டை நடுக் கிளட்ச் ஓயாமல் சுமந்து பழுதாகும்.

அடுத்த மழையில் புறப்படுமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். டயரின் பள்ளத்துக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டைத் தொடும் அளவுக்குத் தேய்ந்திருந்தால், உங்கள் காரில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு நேராக டயர் கடைக்குச் செல்லுங்கள்.